குழாய்த் தண்ணீரில் வரும் அந்த வாடை

(எங்கள் பெங்களூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் அன்று விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



இந்த மேடையில் வழக்கமாக உபந்யாசம் நடக்கும், இல்லாவிட்டால் சங்கீதம். மார்ச் மாதம் வந்தால் வருமான வரி. நம் காரியதரிசி என்னிடம், "மாமா, நீங்க பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ஆச்சே, ஏதாவது சயன்ஸ் விஷயமா பேசுங்கோளேன்" என்றார். நான் கெமிஸ்ட்ரி படித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன்பின் சர்க்கார் உத்தியோகத்தில் படித்ததெல்லாம் கோப்புகளும் சுற்றறிக்கைகளும்தான். ஆனாலும் குளோரின் பற்றிப் பேசுகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பேச்சு எனக்கு ஒரு பிராயச்சித்தம் மாதிரி. என்ன பாபம் செய்தேன் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய சம்பவம். நான் சின்னப் பையனாக இருந்தபோது, கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு வருஷத்தில் ஓரிரு முறை சுகாதார இலாகா ஆள் சைக்கிளில் வருவார். கையில் ஒரு தகர டப்பா. வீடு வீடாக நுழைந்து கிணற்றில் வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றுவார். எங்கள் பாட்டி கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நிற்பாள். "என்னத்தைப்பா கொட்டறே? பெருமாளுக்கு எடுக்கற ஜலம்!" அவர் தயங்கித் தயங்கி, "மேலதிகாரி உத்தரவு பாட்டியம்மா" என்பார். அப்புறம் மூன்று நாளைக்குப் பாட்டி அந்தக் கிணற்று ஜலத்தைத் தொட மாட்டாள். மடியாகக் காவேரிக்குப் போய்க் குடத்தில் எடுத்து வருவாள்.

இதே பாட்டியின் மூத்த பெண், அதாவது என் அத்தை ஒருத்தி, ஒன்பது வயதில் வாந்திபேதியில் போய்விட்டாள். காலையில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த குழந்தை, மறுநாள் விடிவதற்குள் இல்லை. காவேரி டெல்டாவில் அந்தக் காலத்தில் காலரா என்பது மழை, வெயில் போல வந்து போகிற விஷயம். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்களே தவிர, குடத்து ஜலத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கிணற்றில் கொட்டிய வெள்ளைப் பொடிக்கும் அத்தைக்கும் உள்ள சம்பந்தம் பாட்டிக்குக் கடைசி வரை தெரியாது. எனக்கே காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த வெள்ளைப் பொடி பிளீச்சிங் பவுடர். சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றிச் செய்வது. ஸ்காட்லாந்தில் சார்லஸ் டென்னன்ட் என்பவர் 1799இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், துணி வெளுப்பதற்காக. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற கருத்து அப்போது வைத்தியத்தில் நிலைபெற்றிருக்கவில்லை.

குளோரினைப் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே, 1774இல். அவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மாங்கனீஸ் தாதுவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், மூச்சை முட்டும் வாயு ஒன்று வந்தது. நாங்களும் பி.எஸ்சி. லேபில் அதையேதான் செய்தோம், இருமிக்கொண்டே. அது ஒரு தனிமம் என்று 1810இல் நிர்ணயித்தவர் ஹம்ப்ரி டேவி. கிரேக்க மொழியில் அந்த நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து குளோரின் என்று பெயர் வைத்தார். அணு எண் 17, அணு எடை 35.5. காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம். ஆகவே கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். இந்த ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இயற்கையில் இது தனியாக எங்கும் கிடைக்காது. யாரோடாவது சேர்ந்தே இருக்கும் சுபாவம். முக்கியமாக சோடியத்தோடு சேர்ந்து உப்பாக. சாப்பாட்டு உப்பின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு குளோரின்தான். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் அள்ளிய உப்பிலும் பாதிக்கு மேல் குளோரின். ஆனால் டாக்டர் "உப்பைக் குறையுங்கோ, சோடியம் ஆகாது" என்று சோடியத்தைத்தான் திட்டுகிறார். குளோரினுக்குப் பழி இல்லை!

நம் இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரத்தப் பரிசோதனையில் எலக்ட்ரோலைட்ஸ் என்று எழுதித் தருகிறார்களே, அதில் சோடியம், பொட்டாசியத்துக்குப் பக்கத்தில் குளோரைடும் இருக்கும். இந்த அரங்கில் பாதிப் பேரின் பையில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு என்று அச்சிட்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், லோசார்டன் இரண்டின் மூலக்கூறிலும் ஒரு குளோரின் அணு உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் பாயசத்தில் போட்டுக்கொள்ளும் சுக்ரலோஸ், சாதாரணச் சர்க்கரை மூலக்கூறில் மூன்று இடத்தில் குளோரினை நுழைத்துச் செய்தது. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வரும் பி.வி.சி. குழாயின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்.

என்னை மிகவும் ஆச்சரியப்படுத்திய விஷயம் வேறு. நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமியைப் பிடித்து விழுங்கியதும் அதைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தானே தயாரிக்கிறது. தண்ணீரில் குளோரின் கரைந்தால் உண்டாவதும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலம்தான். சுகாதார இலாகா ஆள் எங்கள் கிணற்றில் செய்ததைப் பாட்டியின் உடம்பே தினமும் உள்ளே செய்துகொண்டிருந்தது.

தொழிற்சாலையில் குளோரின் செய்ய உப்பும் மின்சாரமும் போதும். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் ஹைட்ரஜன், கரைசலில் காஸ்டிக் சோடா. மேட்டூர் அணை 1934இல் முடிந்து மின்சாரம் கிடைத்ததும் அந்த ஊரில் ரசாயனத் தொழில் வந்ததற்கு இதுவே காரணம். காவேரி விழுகிற வேகத்தில் குளோரின் பிறந்தது என்றால் மிகையில்லை. அந்தக் குளோரின் திரும்பவும் தண்ணீருக்கே வருகிறது. சுமார் 900 கிலோ பிடிக்கும் பெரிய உருளைகளில் திரவமாக அடைத்துக் குடிநீர் நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள்.

இதே உருளைகளுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1915 ஏப்ரல் 22ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கு அருகே ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்துவிட்டார்கள். 150 டன்னுக்கு மேற்பட்ட குளோரின். காற்றைவிடக் கனம் என்றேன் அல்லவா? அது நேராகப் பதுங்குகுழிகளில் போய் இறங்கியது. நான்கு நாள் கழித்து, 26ஆம் தேதி, நம் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அங்கே முன்னேறியபோது அவர்கள் மேலும் வாயு வந்தது. முகமூடி கிடையாது, ஈரத் துணிதான். அன்று வாயுவில் பாதிக்கப்பட்டும் காயம்பட்ட அதிகாரிகளைச் சுமந்து வந்த ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இந்தத் தாக்குதலைத் திட்டமிட்டு நடத்திய ஃப்ரிட்ஸ் ஹேபர்தான் காற்றிலிருந்து அமோனியா செய்யும் வழியைக் கண்டவர். இன்று வயலில் போடும் யூரியா அவர் தயவு. அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தண்ணீருக்கு வருவோம். அமெரிக்காவில் ஜெர்ஸி சிட்டி என்ற ஊரில் 1908இல் ஜான் லீல் என்ற டாக்டர், ஊர் ஜனங்களைக் கேட்காமலே, குடிநீர் முழுவதிலும் சிறிதளவு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தொடர்ந்து சேர்க்க ஏற்பாடு செய்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. தண்ணீரில் விஷம் கலக்கிறார் என்று ஏகப்பட்ட எதிர்ப்பு. அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. பிறகு ஊர் ஊராக இது பரவியது. டைபாய்டு சாவுகள் மளமளவென்று குறைந்தன. ஆக, எங்கள் பாட்டி தனியாள் இல்லை. நியூஜெர்ஸியிலும் பாட்டிகள் இருந்திருக்கிறார்கள்.

நம் பெங்களூருக்குக் குழாயில் தண்ணீர் வந்தது 1896இல், ஹெஸரகட்டாவிலிருந்து. திவான் சேஷாத்ரி ஐயர் காலம். பாலக்காட்டிலிருந்து வந்த நம் மனிதர். சேஷாத்ரிபுரம் அவர் பெயர்தான். அந்தத் தண்ணீர் போதாமல் 1933இல் திப்பகொண்டனஹள்ளி, அதுவும் போதாமல் 1974இல் காவேரி. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று இடத்தில் பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். உலகத்தில் இவ்வளவு சிரமப்பட்டு மலையேறும் ஆறு குறைவு. 2024 அக்டோபரில் ஐந்தாவது கட்டமும் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் கொள்ளளவு கிடைத்தது.

தொரேகாடனஹள்ளியில் வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீர் அங்கேயே சுத்தமாகத்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு வாடையோடு வருகிறது என்று கேட்பார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் குழாய், நடுவில் தொட்டிகள், தெருவில் சாக்கடைக்குப் பக்கத்தில் ஓடும் பழைய குழாய்கள், கடைசியில் நம் வீட்டு சம்ப். வழியில் எங்கே விரிசல் விட்டாலும் அழுக்கு உள்ளே வரும். ஆகவே கிருமியைக் கொன்ற பிறகும் கொஞ்சம் குளோரின் மீதி இருக்கும்படி அனுப்புகிறார்கள். கூடவே வருகிற காவல்காரன் மாதிரி. இந்திய தரநிர்ணய விதிப்படி, நம் குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதி இருக்க வேண்டும். காவல்காரன் வந்து சேர்ந்துவிட்டான் என்பதற்கு அடையாளம்தான் அந்த லேசான வாடை.

இப்போது என் பாபத்துக்கு வருகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவேரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே சம்பில் விழும். அதில் சொட்டுச் சொட்டாகக் குளோரின் கரைசல் சேர்க்க ஒரு சின்ன பம்ப் வைத்திருந்தார்கள். 2023இல் ஒருநாள் காலையில் என் மனைவி, "ஏன்னா, காபி மருந்து நாத்தம் அடிக்கறது பாருங்கோ" என்றாள். குடித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான். கும்பகோணத்துக்காரனுக்கு காபியில் கை வைத்தால் பொறுக்குமா? வேறு சிலரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து ஒரு மனு எழுதினோம். நாலாவது கையெழுத்து என்னுடையது. "கெமிஸ்ட்ரி படிச்ச மாமாவே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்று காட்டித்தான் மற்ற வீடுகளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் தெரிந்தது. கமிட்டி பம்ப்பை நிறுத்திவிட்டது. காபி நன்றாக இருந்தது.

2024 மார்ச்சில் பெங்களூர் பட்ட தண்ணீர்க் கஷ்டம் வெளியூர் அங்கத்தினர்களுக்கும் நினைவிருக்கும். போர்வெல் வற்றியது. தினம் டாங்கர் லாரி. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை, கிடைத்ததே பெரிது. ஏப்ரலில் முதலில் மேல் மாடியில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வாந்தி, பேதி. பிறகு வரிசையாகப் பதினோரு வீடு. என் மனைவிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். பெங்களூரில் சிலருக்குக் காலராவே உறுதியானதாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த சமயம். இவளுக்குக் காலரா இல்லை என்று ரிப்போர்ட் வரும்வரை, அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்திராத என் அத்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்ப் தண்ணீரைப் பரிசோதித்ததில் ஈ. கோலி இருந்தது. மீந்த குளோரின் பூஜ்யம்.

வாய் விட்டுச் சொன்னேன், மனைவியிடம். "கையெழுத்துப் போட்டது நான்தான்." அவள், "காபியைச் சொன்னது நான்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லார் வீட்டிலும் ஆர்.ஓ. இருக்கிறதே, அப்புறம் எப்படி என்று கேட்கலாம். பல் தேய்ப்பதும் வாய் கொப்பளிப்பதும் கறிகாய் அலம்புவதும் சம்ப் தண்ணீரில்தான். இன்னொன்று, ஆர்.ஓ. கருவியில் முதலில் உள்ள கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். வெளியே வருவது சுத்தமான தண்ணீர்தான், ஆனால் காவல் இல்லாத தண்ணீர். அதைக் கைவிட்டு மொள்ளும் பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்திருந்தால் நிலைமை வேறு. செப்புக் குடம் நல்லதுதான், ராத்திரி முழுக்க வைத்தால் கிருமிகள் குறையும். அதற்காக இருபதாயிரம் லிட்டர் சம்பைச் செப்புக் குடம் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது.

குளோரின் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் ஒரு துளி உண்மை உண்டு. தண்ணீரிலுள்ள இலை, தழை மக்குகளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்றவை மிகச் சிறிதளவு உண்டாகின்றன. ஹாலந்தில் 1974இல் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் முதலில் தண்ணீரை நன்றாக வடிகட்டிவிட்டு அப்புறம் குளோரின் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் அந்த அபாயத்துக்குப் பயந்து குளோரினை நிறுத்துவது அதைவிடப் பெரிய அபாயம் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இப்போது இல்லை.

செய்முறை கேட்டீர்கள். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம், அதாவது இருபதாயிரம் லிட்டர் சம்புக்கு 50 கிராம். பக்கெட்டில் குழைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடி வண்டல் வேண்டாம். அரை மணியாவது கழிந்த பிறகே தண்ணீரைத் திறக்கலாம். கலங்கல் தண்ணீரில் இந்த அளவு போதாது, அழுக்கே குளோரினைச் சாப்பிட்டுவிடும். பழைய பொடியும் வீரியம் இழந்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அளவு சரிதானா என்று பார்க்க குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி கிடைக்கிறது. தண்ணீரில் அந்த மருந்தைச் சில சொட்டு விட்டால் குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சள் நிறம் வரும். பார்த்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது. வெளியூர் யாத்திரையில் இருபது லிட்டருக்கு ஒன்று என்று குளோரின் மாத்திரையும் உண்டு. அமீபா போன்ற சிலவற்றின் முட்டைக்கூடுகள் இதற்கெல்லாம் அசையாது. சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு மாற்று இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை, எல்லா மாமிகளுக்கும், அதைவிட முக்கியமாக வீட்டில் உதவி செய்யும் பெண்களுக்கும். பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ கழிவறை ஆசிட்டோடு ஒருக்காலும் சேர்க்கக் கூடாது. சில வருஷங்களுக்கு முன் நானே செய்தேன். தரையில் பொடி தூவியிருந்தது தெரியாமல் அதன்மேல் ஆசிட்டை ஊற்றினேன். குனிந்திருந்தேன் வேறு. ஒரே நொடியில் பி.எஸ்சி. லேப் வாடை. ஷீலேயும் ஈப்ரும் எங்கள் நாலுக்கு ஆறு குளியலறைக்குள் வந்துவிட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து பால்கனியில் அரை மணி நேரம் இருமினேன். கனமான வாயு, தரையோடு நிற்கும். குனிந்து தேய்க்கிறவர்களுக்குத்தான் முதலில் ஆபத்து. உடனே வெளியே வந்துவிடுங்கள், ஜன்னல் திறந்து காற்றாடட்டும். மூச்சுத் திணறல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போக யோசிக்காதீர்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாமி கேட்டார்: "குளோரின் கலந்த ஜலத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ணலாமா?" சாஸ்திரம் எனக்குத் தெரியாது என்றேன். ஒரு பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் வாடை பெரும்பாலும் போய்விடும், கொதித்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் வீட்டில் காபிக்கு இப்போது அப்படித்தான், ராத்திரியே ஒரு பாத்திரத்தில் பிடித்துச் சல்லடைத் துணி போட்டு வைத்து, காலையில் காய்ச்சுகிறோம். சம்ப்பில் பம்ப் மறுபடி ஓடுகிறது. தினமும் ஏழு மணிக்குக் கீழே போய்ச் சொட்டு விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை என்னுடையது. இன்று காலை 0.4.